மலையில் மாலை, கடலூரில் கையெழுத்து

கேட்டால் சொல்கிறேன் – வாசகர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர்: பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மஞ்சக்குப்பம் அக்கா)

தை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கல்யாணக் கடிதமாகிவிடும். இந்தத் தடவை அதில் ஒரு புதுசு. மண்டபம் வேண்டாம், மலையேறிப் போய் அங்கேயே முடித்துக்கொள்கிறோம் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஐயோ, இப்படிச் சொல்கிறார்களே என்று பெற்றவர்களும் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இதழில் சேர்த்துப் போட்டுவிட்டேன். பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் லாஸ்பேட்டை, அவர் கடலூர் முதுநகர். இரண்டு வீட்டிலும் சம்மதம்தான். ஆனால் அழைப்புப் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, மண்டபம் யார் செலவு என்று தினமும் சண்டை. நாங்கள் பழகியதே மலையேற்றத்தில்தான். செஞ்சி ராஜகிரி உச்சியில் சூரியன் உதிக்கும்போது நாங்கள் இருவர் மட்டும் மாலை மாற்றிக்கொள்ள ஆசை. ஐயர், மேளம், ஹோமம் எதுவும் வேண்டாம். இது சட்டப்படி கல்யாணம் ஆகுமா?
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

மாலை மாற்றினாலே கல்யாணம் ஆகிவிடும் கண்ணு, தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. 'நாங்கள் இருவர் மட்டும்' என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் உதைக்கிறது.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ல், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சுயமரியாதைத் திருமணம், சீர்திருத்தத் திருமணம் என்கிறோமே, அதற்கான பிரிவு. இருவருக்கும் புரிகிற மொழியில் 'இவரைக் கணவராக ஏற்கிறேன்', 'இவளை மனைவியாக ஏற்கிறேன்' என்று சொல்லலாம்; அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். ஐயரும் அக்னியும் தேவையில்லை. மண்டபமா மலையா என்றும் சட்டம் கேட்பதில்லை. உறவினரோ நண்பரோ வேறு யாரோ, ஆட்கள் முன்னிலையில் நடந்ததா என்று மட்டும் கேட்கிறது. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாகச் செய்தால்தான் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பு சொல்லியிருந்ததை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதற்காகப் பார்க்க ஓர் ஆள்கூட இல்லாமல் நீயும் அவரும் காற்றும் மட்டும் நின்று மாற்றிக்கொண்டால், நாளைக்குத் தகராறு என்று வரும்போது நடந்தது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? பதிவுக்கும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். இரண்டு மூன்று பேரையாவது கூட்டிக்கொண்டு போ. நாத்தனார் இருந்தால் அவளையும் கூப்பிடு, தாலியாக இருந்தால் முடிச்சுப் போட ஆள் வேண்டுமே.

இந்த 7-ஏ பற்றி நான் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். என் அப்பா பெரியார் கட்சி. அவருக்கும் அம்மாவுக்கும் ஐம்பதுகளில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை மாற்றித்தான் கல்யாணம். அந்தக் காலகட்டத்தில் இப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அம்மாவின் ஓரகத்திக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் போதும், "உன் கல்யாணமே கோர்ட்டில் செல்லாதாம், நீ எதுக்கு முன்னால வந்து ஆரத்தி எடுக்கிற?" என்பார். 67-ல் வந்த சட்டம் அதற்கு முன்னால் நடந்த கல்யாணங்களுக்கும் சேர்த்தே செல்லும் என்று எழுதப்பட்டது. அப்பா பேப்பரைக் கொண்டுவந்து உரக்க வாசித்தாராம், பக்கத்துப் போர்ஷனில் இருந்த ஓரகத்திக்குக் கேட்கட்டும் என்றே. அம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். மனசு போதாதா, காகிதம் எதற்கு என்று என் மேஜைக்கு எதிரே நின்று கேட்ட பிள்ளைகளிடமெல்லாம் நான் அந்தத் துண்டுப் பேப்பரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

சரி, காகிதத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதக் கல்யாணமாக இருந்தாலும் பதிவு கட்டாயம். நடந்த நாளில் இருந்து 90 நாளுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். முன்பெல்லாம் கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே போக வேண்டும். இப்போது பெண்ணோ மாப்பிள்ளையோ குடியிருக்கும் ஊரிலும் பதியலாம். எந்த மலையில் மாற்றிக்கொண்டாலும் அவர் முகவரியை வைத்துக் கடலூரில் வேலையை முடித்துவிடலாம். ஒன்று மட்டும் தலைகீழாகப் புரிந்துகொள்ளாதே. சடங்கு எதுவும் செய்யாமல் பதிவு மட்டும் செய்துகொண்டால் இந்துச் சட்டத்தில் அது கல்யாணம் ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாலை மாற்றியது கல்யாணம், கையெழுத்து அதற்குச் சான்று.

இனி மலை. செஞ்சியை மறந்துவிடு. புதுச்சேரியில் இருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம், திண்டிவனம் வழியாகப் போனால் பக்கம் என்பதால் எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் அது மத்திய தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் விருந்து, வரவேற்பு, கூட்டம் எதுவும் கூடாது என்று 1959-லேயே விதி போட்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தாகிவிட்டது, காவல் குறையப்போவதில்லை. டிக்கெட் கவுன்டர் திறப்பதே வெயில் ஏறிய பிறகு. நீ கேட்கிற சூரியோதயத்துக்கு உள்ளே விடவே மாட்டார்கள். ராஜகிரி அடிவாரத்தில் அடுக்கடுக்காக ஒரு கட்டிடம் நிற்கும், பெயர் கல்யாண மகால். அங்கேயும் கல்யாணம் செய்ய முடியாது. போதாததற்கு ராஜா தேசிங்கு போரில் செத்து, அவன் மனைவி உடன்கட்டை ஏறிய கதை தெரிந்த பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்த மலையா என்று முதல் ஆளாக வாயைத் திறப்பார்.

திருவண்ணாமலையும் வேண்டாம். தீபத்துக்குக்கூட அனுமதி பெற்றவர்கள்தான் மேலே போகலாம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த மலைச்சரிவு சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்தது மறந்திருக்காது.

உனக்குத் தோதான இடம் ஏலகிரி. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வனத்துறை மூலமாக 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, கூட வர உள்ளூர் வழிகாட்டி, எல்லாம் முறைப்படி. ஏலகிரியும் அதில் உண்டு. சுவாமிமலை உச்சிக்குப் போகும் பாதை நடந்து பழகியவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. முக்கியமாக, மேலே ஊர் வரைக்கும் பஸ்ஸும் காரும் போகும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர், வள்ளல் பெயர். முட்டி வலிக்கிற அப்பாவையும் மாமனாரையும் லாட்ஜில் காபியோடு உட்கார வைத்துவிட்டு நீங்கள் நடக்கலாம். சூரியோதயத்தை மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடு. முன்பதிவு செய்கிற மலையேற்றம் விடிந்த பிறகுதான் கிளம்பும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு காப்புக்காட்டுக்குள் போவது குற்றம், ஆபத்தும்கூட.

நாள் பார்ப்பதில்தான் வேடிக்கை. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீ காலம் என்று பாதைகளை மூடிவிடுகிறார்கள். அதாவது மாசியும் பங்குனியும் அப்படியே போயிற்று, நம் ஊரில் முகூர்த்தம் குவிகிற மாதங்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, பாறையெல்லாம் வழுக்கும். மார்கழி மலையேற அருமை, ஆனால் உன் அம்மா மார்கழிக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். சித்திரை வைகாசி வெயிலில் பாறை அடுப்புக்கல் மாதிரி சுடும். ஆவணியில் பிற்பகலில் இடி இறங்கும், காலையிலேயே முடித்துக்கொண்டு இறங்கிவிட முடியும் என்றால் பார்க்கலாம். வனத்துறைக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஒரே நேரத்தில் பிடித்த மாதம் தை மட்டும்தான். இப்போதே பதிவு செய்.

என்னைக் கேட்டால் இரண்டையும் பிரித்துவிடுவேன். முதல் நாள் மயிலத்திலோ வீட்டிலோ இருபது பேர் முன்னால் தாலி. மறுநாள் கிளம்பி ஏலகிரி, மாலையை உச்சியில் இன்னொரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே வழிகாட்டியைத் தவிர வேறு ஆளே வேண்டாம், சாட்சி பற்றிய கவலையும் கிடையாது. மழை வந்து பாதி வழியில் திரும்பினாலும் கல்யாணம் நின்றுபோச்சு என்று யாரும் சொல்ல முடியாது. 'முடியாது, முதல் மாலையே அங்கேதான்' என்று நீ பிடிவாதம் பிடித்தாலும் நான் உன் பக்கம்தான். பாதையும் சாட்சியும் சரியாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

என் மகள் மண்டபம் வேண்டாம், மலையில் பத்துப் பேரோடு கல்யாணம் என்கிறாள். பத்திரிகை அடிக்காமல் நடந்தால் தெருவில் 'ஓடிப்போய்ப் பண்ணிக்கிட்டா' என்றுதானே பேசுவார்கள்? என் வீட்டுக்காரர் கவலை வேறு. நாற்பது வருஷமாக ஊரெல்லாம் மொய் எழுதியிருக்கிறார், அது என்ன ஆவது என்கிறார்.
– ஒரு தாய், பண்ருட்டி

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அவர் கேட்டது நியாயமான கேள்வி. மொய் நோட்டு இருக்கிற வீட்டில் கல்யாணம் என்பது பாதி வரவு செலவு. நான் கேலி செய்யவில்லை. அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்கெல்லாம் கடன் வாங்கியாவது கவர் கொடுத்தவர் அவர். அந்தப் பணம் வேறு எந்த வழியிலும் திரும்பாது. அதனால் மலையில் இருந்து இறங்கி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியிலேயே ஒரு மதிய விருந்து போடுங்கள். சின்ன மண்டபத்தில் அரை நாள் வாடகை போதும். மேடை, நாற்காலி, லைட் செட் எல்லாம் வேண்டாம். வாசலில் மேஜை போட்டு மொய் எழுத ஆளை மட்டும் மறக்காமல் உட்கார வையுங்கள். உங்கள் மகளும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டின் மேல் விரோதம் இல்லை; மணவறையில் நான்கு மணி நேரம் நின்று முன்பின் தெரியாதவர்களோடு போட்டோ எடுப்பதில்தான் விரோதம்.

பத்திரிகை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. தெருக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: பெண்ணைப் பெற்றவர்கள் கூட இருந்தார்களா, முன்னாலேயே தெரியுமா. அதை நீங்களே சொல்லிவிட்டால் கதை கட்ட இடம் இருக்காது. மகளும் மருமகனும் போட்டோவில் சொல்லிக்கொள்வது வேறு, நீங்கள் அச்சடிப்பது வேறு. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், மஞ்சள் தடவிய சின்ன அட்டையில், இப்படி அடியுங்கள்:

'அன்புடையீர், எங்கள் மகளின் திருமணம் வரும் தை மாதம் ஏலகிரி மலையில் இருவீட்டாரும் கூடி எளிமையாக நடத்த இருக்கிறோம். அடுத்து வரும் ஞாயிறன்று பண்ருட்டியில் நடக்கும் விருந்துக்குத் தாங்கள் குடும்பத்தோடு வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டும்.'

'நடத்த இருக்கிறோம்' என்று உங்கள் பெயரில் இருக்கட்டும். அட்டையை வாட்ஸாப்பில் தள்ளிவிடாமல், பக்கத்துத் தெரு வரைக்குமாவது நீங்களும் அவரும் தட்டில் வெற்றிலை பாக்கோடு எடுத்துப்போய்க் கொடுங்கள். அப்புறம் யார் வாயில் ஓடிப்போனாள் என்று வரும்?

முருகன் கதை ஞாபகம் இருக்கிறதா? வள்ளியைத் தினைப்புனத்தில் இருந்து கூட்டிக்கொண்டு போனவர்தான் அவர். நம்பிராஜன் ஆட்களோடு துரத்தி வந்து சண்டையெல்லாம் ஆன பிறகும், மாமனார் வீட்டுக்கே திரும்பிப் போய் ஊரார் முன்னால் முறையாகக் கைப்பிடித்ததாகத்தான் கந்தபுராணம் முடித்துவைக்கிறது. உங்கள் மகள் கேட்பது அதைவிடச் சாதுவான கல்யாணம். மலைக்கு நீங்களும் போங்கள் அம்மா. வர வேண்டாம் என்று அவள் சொல்லவே இல்லை. பத்துப் பேரில் நீங்கள் இரண்டு பேர்.

மலைதான் பிரச்சினை என்றால் திருவந்திபுரம் என்று சொல்லிப் பாருங்கள். கடலூர்க்காரர்களுக்கு மலை என்றாலே ஔஷதகிரிதான், 74 படி. மேலே ஹயக்ரீவர், கீழே தேவநாதசுவாமி, பக்கத்தில் கெடிலம். முகூர்த்த நாளில் அங்கே நூறு ஜோடிக்கு மேல் கல்யாணம் நடக்கும் என்பதால் உங்கள் மகள் கேட்கிற தனிமை மட்டும் கிடைக்காது. முகூர்த்தம் இல்லாத ஒரு புதன்கிழமை போனால் அதுவும் கிடைக்கும்.

நாங்கள் இருவரும் மேஜர். அவர் கிறிஸ்தவர், நான் இந்து. என் வீட்டில் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து, அண்ணன் மிரட்டியிருக்கிறான். கல்வராயன் மலைப் பக்கம் போய் அங்கே கல்யாணம் செய்துகொண்டு, பதிவும் அந்த ஊரிலேயே செய்தால் எங்கள் ஊருக்குத் தெரியாது என்று நண்பர் சொல்கிறார்.
– ஊர் பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

போகாதீர்கள். மேலே இருக்கிற இரண்டு கடிதங்களும் ஆசைக்கு மலையேறுகிறவர்களுடையது. உங்களுடையது வேறு. துரத்துகிற ஆள் இருக்கும்போது போன் சிக்னல் இல்லாத இடம், ஒரே சாலை, இரவில் பஸ் இல்லாத ஊர் இவையெல்லாம் ஒளிவதற்குத் தோதாகத் தெரியும். கூப்பிட்டால் உதவிக்கு யாரும் வர முடியாத இடமும் அதுதான்.

நண்பர் சொன்ன சட்டமும் தப்பு. இருவரும் வேறு வேறு மதம், யாரும் மதம் மாறவில்லை என்றால் 7-ஏ உங்களுக்குப் பொருந்தாது, அது இரண்டு இந்துக்களுக்கு. உங்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். உங்களில் ஒருவராவது கடைசி 30 நாள் தொடர்ந்து குடியிருந்த மாவட்டத்தில்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும். அது அலுவலகப் பலகையில் 30 நாள் இருக்கும். உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் கொடுத்தது கடலூர்ப் பலகைக்கு வந்துவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பலகையைத் தினமும் வந்து வாசித்துவிட்டுப் போகிற ஆட்களையே பார்த்திருக்கிறேன். அவர்கள் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் அல்ல.

ஆகவே வரிசை மாற வேண்டும். முதலில் பாதுகாப்பு, அதன் பிறகு நோட்டீஸ். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படி மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும், தங்கப் பாதுகாப்பான இடம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுங்கள், யார் என்ன மிரட்டினார்கள் என்பது தேதியோடு இருக்கட்டும், ரசீது வாங்குங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் உங்கள் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அங்கே முதலில் போகாதீர்கள். பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் எடுப்பார்கள். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து நோட்டீஸ் எந்த ஊரில், எந்த முகவரியில் என்று முடிவு செய்யுங்கள். வயதுச் சான்று, ஆதார், படிப்புச் சான்றிதழ் எல்லாம் இன்றைக்கே வீட்டை விட்டு வெளியே, நம்பிக்கையான கையில் இருக்கட்டும். பிற்பாடு எடுக்க முடியாது.

'மேஜர்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்ணுக்கு 18 முடிந்திருந்தால் மட்டும் போதாது, பையனுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். இதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

என் வருங்காலக் கணவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். ஏற்காட்டில் மலைமேல் சின்னதாகக் கல்யாணம் செய்துகொண்டு பிறகு பிரான்சில் பதிந்துகொள்ளலாமா?
– குருசுக்குப்பம்

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிரெஞ்சுக் குடிமக்கள் இங்கே நம் சட்டப்படி கல்யாணம் செய்வதற்கு முன் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அவர்களும் நம் சிறப்புத் திருமணச் சட்டம் போலவே அறிவிப்பு ஒட்டுவார்கள், பத்து நாள். அதற்கு முந்தைய காகித வேலைதான் மாதக்கணக்கில் இழுக்கும். அதை விட்டுவிட்டு முதலில் ஏற்காடு, அப்புறம் தூதரகம் என்று போனவர்கள், கல்யாணம் ஆகியும் விசா இல்லாமல் ஆளுக்கொரு தேசத்தில் காத்திருப்பதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். நீங்கள் இந்து, அவர் இந்து இல்லை என்றால் மேலே சொன்ன 1954 சட்டம்தான். அந்தச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு, யாருக்கும் தெரிவதில்லை: கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தூரத்துக்குள் இருக்கும் வேறு இடத்துக்குத் திருமண அலுவலரே வந்து நடத்தி வைக்கலாம். மலையுச்சி நியாயமான தூரமா என்பது அந்த அதிகாரியின் முட்டியைப் பொறுத்தது.

எங்கள் நண்பனின் மலைக் கல்யாணத்துக்குச் சாட்சியாகப் போகிறோம், நான்கு பேர். என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எதைக் கொண்டுபோகக் கூடாது?
– நண்பர்கள், வில்லியனூர்

கொண்டுபோகக் கூடாததை முதலில் சொல்கிறேன், பாண்டிப் பையன்கள் என்பதால். பாட்டில் வேண்டாம். சாட்சி தெளிவாக நடந்து மேலே போய்த் தெளிவாகவே கீழே வர வேண்டும்.

நெருப்பு எந்த வடிவத்திலும் கூடாது. கற்பூரம், ஊதுவத்தி, பூத்திரி, கலர்ப் புகை விடுகிற குச்சி, எதுவுமே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அனுமதி, வழிகாட்டி என்று இப்போது இருக்கிற கட்டுப்பாடெல்லாம் அதற்குப் பிறகு இறுகியதுதான். புகைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும், கறுப்பாகத் தொங்கும், பாறையின் நிழல் என்று நினைத்துவிடுவோம். புகையும் சென்ட் வாசனையும் பட்டால் கூட்டமாக இறங்கிவிடும். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு மட்டும் சென்ட் அடிக்காதீர்கள். டிரோனும் வேண்டாம், வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்க விட்டால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

மாலை: ரோஜா மாலை கனம், ஒரு மணி நேரத்தில் இதழ் உதிர்ந்து நார் தெரியும். பெரிய மார்க்கெட்டில் முதல் நாள் இரவே சொல்லிவைத்துச் சம்பங்கி மாலை வாங்குங்கள், நெருக்கமாகக் கட்டச் சொல்லி, ஜிகினா வேண்டாம் என்று சொல்லி. வாழையிலையில் சுற்றி, அதன்மேல் ஈரத் துணி, அதை ஒரு பெட்டியில் வைத்துத் தனிப் பையில் தூக்குங்கள். பை மூடியிருக்கட்டும். செஞ்சியில் ஒரு ஜோடி போட்டோவுக்காகக் கொண்டுவந்த மாலையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய், மதில்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாக உரித்துத் தின்றதைப் பார்த்திருக்கிறேன். பொண்ணு அழ, பையன் கல்லை எடுக்க, குரங்கு நாரை மட்டும் திருப்பிப் போட்டது.

புடவை: கட்டிக்கொண்டு ஏற வேண்டாம். சுடிதார், பிடிமானம் உள்ள ஷூ. கனமான பட்டை வீட்டில் வைத்துவிட்டு ஒரு கைத்தறிப் புடவையை மடித்துப் பையில் போடுங்கள். உச்சியில் மறைவாக இடம் இருக்காது, இரண்டு வேட்டியை விரித்துப் பிடிக்க ஆள் வேண்டும், அதனால் உங்கள் நான்கு பேரில் இரண்டு பேராவது பெண்களாக இருந்தால் நல்லது. சுடிதார்மேலேயே புடவையைச் சுற்றி ஊக்குக் குத்தினால் ஐந்து நிமிஷ வேலை. ஊக்கு நிறைய எடுங்கள், மேலே காற்று அடிக்கும்.

தாலியை ஒருவர் கழுத்துப் பையில் வைத்துக்கொள்ளட்டும், முதுகுப் பையில் வேண்டாம். ஆளுக்கு மூன்று லிட்டராவது தண்ணீர், உப்பும் சர்க்கரையும், கடலை மிட்டாய், முதலுதவிப் பை. கொண்டுபோன அத்தனை பிளாஸ்டிக்கும் திரும்பி வர வேண்டும். கழற்றிய மாலையையும் அங்கே போட வேண்டாம், கீழே எடுத்து வாருங்கள்.

வழிகாட்டியாக வருபவர் பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரையும் கூட நின்று அட்சதை போடச் சொல்லுங்கள், சாப்பாட்டுப் பொட்டலம் அவருக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.

கடைசியாக, போட்டோ. ஆளாளுக்கு அந்தரத்தில் நிற்கிற மாதிரி, முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாக நூறு படம் எடுப்பீர்கள். பதிவு அலுவலகத்தில் அது உதவாது. மாலை மாற்றும்போது இருவர் முகமும், பின்னால் நிற்கிற உங்கள் முகங்களும் தெளிவாக விழுகிற மாதிரி ஒரு படம் எடுங்கள், வெயிலுக்கு முதுகு காட்டாமல். அன்றைக்கே இரண்டு பேர் போனிலாவது அது இருக்கட்டும். சாட்சியாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அசல் ஆதாரை வீட்டில் எங்கே வைத்தோம் என்று இப்போதே தேடி எடுத்துவிடுங்கள். கடலூர் அலுவலகத்துக்கு வந்து நின்ற பிறகு வில்லியனூருக்குத் திரும்பி ஓட வேண்டாம்.